ஒருவர் விட்டால் ஒன்று குறையுமா? வீகன் உணவும் வெட்டப்படும் உயிர்களின் கணக்கும்

புரட்டாசி பிறந்த சில நாள்களில், பெரும்பாலான ஆண்டுகளில், கொங்கு மண்டலச் செய்திகளில் ஒரே தலைப்பு வந்துவிடும்: கறிக்கோழி விலை சரிவு, முட்டை விலை சரிவு. பல்லடத்தை மையமாகக் கொண்ட கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு பண்ணைக் கொள்முதல் விலையை நாள்தோறும் அறிவிக்கிறது. நாமக்கல்லில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு முட்டைக்கு விலை சொல்கிறது. பெருமாளுக்கு விரதம் இருக்கும் வீடுகள் ஒரு மாதம் அசைவத்தை நிறுத்திவைப்பது இவ்விரு அறிவிப்புகளிலும் தவறாமல் தெரிந்துவிடுகிறது. மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 97 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் அசைவம் உண்பவர்கள் என்பதால், அவர்களில் ஒரு பகுதியினர் ஒரே நேரத்தில் விலகும்போது சந்தை அதை உணராமல் இருக்க முடியாது.

இந்த விலகலை எவரும் கூட்டம் போட்டுத் தீர்மானிப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக எடுக்கப்படும் முடிவுகளின் கூட்டுத்தொகைதான் அந்த விலைச் சரிவு. ஆயினும் அந்த லட்சக்கணக்கான வீடுகளில் ஏதேனும் ஒன்றைச் சுட்டிக்காட்டி, இந்த வீட்டால் எத்தனை கோழி குறைந்தது என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுவோம். தனி மனிதர் ஒருவர் வீகனாக மாறினால் கொல்லப்படும் விலங்குகளின் எண்ணிக்கை குறையுமா என்ற கேள்வியும் இதே இடத்தில்தான் நிற்கிறது. ஒரு வேறுபாடு, விரதத்துக்கு ஒரு மாதம்தான் கணக்கு. வீகனுக்கு ஆயுள் முழுவதும்.

வீகன் என்ற சொல் 1944இல் பிரிட்டனில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் தங்கள் அமைப்பைத் தொடங்கியபோது உருவாக்கியது. இறைச்சியை மட்டுமன்றிப் பால், முட்டை, தேன் ஆகியவற்றையும், முடிந்த அளவுக்குத் தோல், பட்டு, கம்பளி ஆகியவற்றையும் தவிர்ப்பவரை அது குறிக்கும். தமிழில் இதை நனிசைவம் என்பர். நம் பேச்சில் சைவம் என்பது பாலையும் தயிரையும் உள்ளடக்கியது என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது. கட்டுரையின் கடைசிப் பகுதியில் அது மறுபடியும் வரும். வீகன் உணவு உடலுக்கு நல்லதா, அறத்தின்படி அது கடமையா என்ற விவாதங்களுக்குள் இங்கே நான் செல்லப் போவதில்லை. எண்ணிக்கை குறைகிறதா என்பது ஒன்றே இங்குள்ள பொருள்.

முதலில் குறைதல் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை நான் கறி வாங்காவிட்டால், கடையில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும் ஆடு உயிர் பெறாது; கூண்டில் நிற்கும் கோழியும் பண்ணைக்குத் திரும்பிப் போகாது. இது இன்று நேற்று எழுந்த ஐயம் அன்று. ‘தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவா ரில்’ என்ற 256ஆம் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், பின்னால் நிகழும் தின்கை முன்னால் நிகழ்ந்த கொலைக்குக் காரணம் ஆகாது என்று வாதிடுவோரை நோக்கியே இது சொல்லப்பட்டது என்று குறிப்பிடுகிறார். அந்த வாதம் வலுவானதுதான். தனக்காகக் கொல்லப்பட்டதாகக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருந்தால் பிக்கு ஊனை ஏற்கலாம் என்ற பௌத்த விதியும் ஏறக்குறைய இதே தருக்கத்தின் மேல் நிற்பது. இன்று வாங்கும் கறிக்கும் இன்று அறுபட்ட கோழிக்கும் இடையே காலம் தலைகீழாக இருப்பது உண்மை. ஆனால் இன்று வாங்கும் கறி, இனி வளர்க்கப்படவிருக்கும் கோழிக்கு முன்னால் நிற்கிறது. காரணத்தைத் தேட வேண்டிய இடம் அதுவே.

கறிக்கோழித் தொழிலில் இந்த முன்பின் உறவு மிகத் தெளிவாகத் தெரியும் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பெரும்பகுதி கறிக்கோழி ஒப்பந்த முறையில் வளர்கிறது. நிறுவனம் குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றைத் தருகிறது; பண்ணையாளர் கொட்டகையையும் உழைப்பையும் தந்து, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி பெறுகிறார். முட்டை பொரிப்பகத்தில் 21 நாள் இருக்கும். பிறந்த குஞ்சு பண்ணையில் ஏறத்தாழ 40 நாள் வளர்ந்து இரண்டு கிலோவைத் தாண்டியதும் லாரி ஏறும். ஆகவே, ஆயுத பூசையன்று விற்கப்படும் கோழி எத்தனை என்பதை நிறுவனங்கள் அதற்கு இரண்டு மாதம் முன்பே, எத்தனை முட்டை அடைவைப்பது, எத்தனை குஞ்சு விடுவது என்ற முடிவுகளில் தீர்மானித்துவிடுகின்றன. புரட்டாசி எப்போது வரும் என்பது நாள்காட்டியில் இருப்பதால், அனுபவமுள்ள நிறுவனம் ஆடியிலேயே கையை இறுக்கத் தொடங்கும்.

நாள்காட்டியில் இல்லாத சரிவு வரும்போது என்ன நடக்கும் என்பதை 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்கள் காட்டின. கோழிக்கறியால் கொரோனா பரவும் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் ஓடியது; கோழி வாங்க ஆளில்லாமல் போனது. வளர்ந்து நின்ற கோழிகள் அதனால் பிழைத்துவிடவில்லை. தீவனச் செலவுகூடத் திரும்பாது என்ற நிலையில் கர்நாடகத்தில் சில பண்ணையாளர்கள் குழி தோண்டிக் கோழிகளை உயிரோடு புதைத்தார்கள். அதற்குப் பிறகு நிகழ்ந்தது நமக்கு இன்னும் முக்கியமானது. நிறுவனங்கள் குஞ்சு விடுவதை வெகுவாகக் குறைத்தன. வதந்தி ஓய்ந்து மக்கள் மறுபடியும் கடைக்கு வந்த மே மாதத்தில் விற்பதற்குப் போதிய கோழி இல்லாமல் விலை ஏறியது. வாங்குவது நின்றபோது இருந்த உயிர் காக்கப்படவில்லை, வரவிருந்த உயிர் வராமல் போனது. வீகன் உணவு எண்ணிக்கையைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால், இந்தப் பொருளில் மட்டுமே அது சரி. பிறக்காத கோழிக்கு முகம் கிடையாது என்பதால், இந்த வகைக் குறைவை மனத்தில் நிறுத்துவது சற்றுக் கடினம். தெருநாயைத் தூக்கிக் காப்பாற்றியவருக்குக் கிடைக்கும் நிறைவு இதில் கிடைக்காது.

இப்போது அந்த ஒருவரிடம் வருவோம். குறள் ‘உலகு’ என்கிறது. உலகமே உண்ணாவிட்டால் விற்பவர் இருக்கமாட்டார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஐயம் எல்லாம், உலகத்தில் ஒருவர் மட்டும் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதில்தான்.

ஒரு கறிக்கடையைக் கற்பனை செய்துகொள்வோம். கடைக்காரர் கோழியைக் கூண்டுக் கணக்கில் இறக்குகிறார். கூண்டுக்கு 10 கோழி என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஒரு கோழி வாங்கிக்கொண்டிருந்த நான் நிறுத்திவிட்டேன். பெரும்பாலான வாரங்களில் கடைக்காரர் அதைக் கவனிக்கவே மாட்டார். எப்போதும் இறக்கும் அளவையே இறக்குவார். ஆனால் விற்பனை குறைந்துகொண்டே போகும்போது ஏதோ ஒரு கட்டத்தில் அவர் ஒரு கூண்டைக் குறைத்தாக வேண்டும், அந்தக் கட்டத்தைத் தாண்டவைக்கும் வாடிக்கையாளர் யார் என்று யாருக்கும் தெரியாது. அது நானாக இருப்பதற்கு 10இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றால், அந்த ஒரு வாய்ப்பில் குறைவது ஒரு கோழி அன்று, 10 கோழி. 10இல் ஒரு பங்கு வாய்ப்பையும் 10 கோழியையும் பெருக்கினால் சராசரியாக ஒரு கோழி என்றே விடை வரும். கூண்டுக்குப் பதில் லாரி, லாரிக்குப் பதில் 5,000 குஞ்சுகள் கொண்ட ஒரு பேட்ச் என்று எவ்வளவு பெரிதாக்கினாலும் கணக்கின் வடிவம் மாறாது. வாய்ப்பு சிறுக்கும், விளைவு அதே அளவில் பெருக்கும். மெய்யியலாளர் பீட்டர் சிங்கர் 1980இலும், ஷெல்லி கேகன் 2011இலும் முன்வைத்த வாதத்தின் சாரம் இது.

இதற்கு மறுப்பும் உண்டு. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் கையிருப்பு, கழிவு, குளிர்பதனக் கிடங்கு என்று தளர்வுகள் இருப்பதால் ஒருவரின் வாங்காமை அந்தத் தளர்வுக்குள்ளேயே கரைந்துபோகும், எல்லைக்கோட்டைத் தள்ளும் வாய்ப்பு எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று கொள்வதற்கு ஆதாரமில்லை என்பது மெய்யியலாளர் மார்க் புடால்ஃப்சன் போன்றோரின் வாதம். ஒரு குறிப்பிட்ட கடையையும் ஒரு குறிப்பிட்ட வாரத்தையும் எடுத்தால் இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் பத்து, இருபது ஆண்டுகளுக்கு ஒருவர் வாங்காமல் இருப்பதை எடுத்துக்கொண்டால் நிலை வேறு. கையிருப்பு என்பது தள்ளிப்போடும் கருவிதான். கிடங்கு நிரம்பிக்கொண்டே போகும்போது யாராவது ஒருவர் குஞ்சு விடுவதைக் குறைத்தே தீர வேண்டும். என் பார்வையில், தளர்வு எப்போது விளைவு தெரியும் என்பதை மாற்றுகிறது. நீண்ட காலச் சராசரியைப் பெரிதாக மாற்றுவதில்லை. வாழைப்பழச் சந்தையில் ஒருவர் அதிகமாக வாங்குவதால் விளைச்சல் கூடுமா என்று கேட்டால் நாம் இவ்வளவு தயங்க மாட்டோம் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

ஆனால் சராசரியாக ஒன்றுக்கு ஒன்று என்ற விடையும் சற்று மிகையானது. அதற்குக் காரணம் விலை. புரட்டாசியில் கோழி விலை இறங்கும்போது விரதம் இல்லாத வீடுகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக வாங்குகின்றன; பிரியாணிக் கடைக்காரருக்கு அது லாபமான மாதம்; எல்லை தாண்டிக் கேரளத்துக்கும் சரக்கு போகிறது. நான் விட்ட ஒரு கிலோவில் ஒரு பகுதியை, நான் விட்டதால் ஏற்பட்ட சிறு விலைக் குறைவைப் பயன்படுத்தி வேறொருவர் வாங்கிக்கொள்கிறார். எவ்வளவு பகுதி என்பது இரண்டு பக்கத்தின் நெகிழ்வைப் பொறுத்தது: விலை இறங்கினால் வாங்குவோர் எவ்வளவு கூடுதலாக வாங்குவர், விலை இறங்கினால் வளர்ப்போர் எவ்வளவு குறைத்து வளர்ப்பர்.

அமெரிக்க வேளாண் பொருளியலாளர்கள் பெய்லி நார்வுட், ஜேசன் லஸ்க் இருவரும் 2011இல் தங்கள் நாட்டுச் சந்தைக்கு இதைக் கணக்கிட்டார்கள். ஒருவர் ஒரு பவுண்டு கோழிக்கறியை விட்டால் நாளடைவில் உற்பத்தி 0.76 பவுண்டு குறையும், பன்றிக்கறிக்கு 0.74, மாட்டிறைச்சிக்கு 0.68. ஒரு முட்டையை விட்டால் 0.91 முட்டை குறையும். பாலுக்கு மட்டும் 0.56. முட்டைக்கு எண் உயர்ந்து நிற்பதன் காரணம் எளிது: முட்டை மலிவானால் மக்கள் அளவுக்கு மீறி வாங்கிவிடுவதில்லை, விலை இறங்கியதும் பண்ணையாளர்கள் விரைவில் குறைத்துக்கொள்கிறார்கள். இந்த எண்களை அப்படியே நாமக்கல்லுக்குப் பொருத்த முடியாது. கறி விலை இறங்கினால் உடனே கூடுதலாக வாங்க ஏங்கி நிற்கும் ஏழைக் குடும்பங்கள் நம்மிடம் மிகுதி என்பதால், ஒருவர் விட்டதை இன்னொருவர் வாங்கிக்கொள்ளும் இந்தக் கசிவு இங்கே இன்னும் அதிகமாக இருக்கக்கூடும் என்பது என் கணிப்பு. ஆனாலும் ஒரு பொதுவான உண்மையை அந்தக் கணக்கு நிறுவுகிறது. ஒருவரின் விலகல் முழுமையாக வீணாவதுமில்லை, முழுமையாகப் பலிப்பதுமில்லை; அமெரிக்கச் சந்தையில் விட்டதில் பாதிக்கு மேல் உற்பத்தியில் குறைகிறது.

இதுவரை கிலோவைப் பற்றிப் பேசினோம். நம் கேள்வியோ உயிரைப் பற்றியது. கிலோவிலிருந்து உயிருக்கு வரும்போதுதான் புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். ஒரு வெள்ளாடு ஏறக்குறைய 10 முதல் 12 கிலோ கறி தரும். இரண்டு கிலோ எடையுள்ள கறிக்கோழி உரித்த பின் 1.3 அல்லது 1.4 கிலோ தரும். வாரத்துக்கு ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கும் குடும்பம் ஆண்டுக்கு 52 கிலோ, அதாவது நான்கு அல்லது ஐந்து ஆடுகளை உண்கிறது. அதே குடும்பம் விலையையோ கொழுப்பையோ கருதி ஆட்டை விட்டுக் கோழிக்கு மாறினால், ஆண்டுக்கு 35 முதல் 40 கோழிகள் தேவைப்படும். சிவப்பு இறைச்சியை விட்டுவிட்டேன் என்று மகிழ்ச்சியோடு சொல்பவர் உயிர்க் கணக்கில் எட்டு மடங்கு ஏறியிருப்பார். மாட்டிறைச்சியிலிருந்து கோழிக்கு மாறும் மேலைநாட்டவரின் ஏற்றம் இதைவிடப் பன்மடங்கு. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 8,000 கோடிக்கு மேல் நிலவாழ் விலங்குகள் உணவுக்காகக் கொல்லப்படுகின்றன, அவற்றில் 7,000 கோடிக்கு மேல் கோழிகள் என்ற ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் புள்ளிவிவரம் இதன் விளைவே.

எனவே கோழிக்கறியை மட்டும் விட்டு, வேறு எதையும் மாற்றாத ஒருவர், வாரத்துக்கு ஒரு கிலோ என்ற அளவில், அமெரிக்க எண்ணின்படி விலைக் கசிவைக் கழித்த பிறகும் ஆண்டுக்கு 30 கோழிகளுக்கு அருகில் குறைக்கிறார். நாள்தோறும் ஒரு முட்டை உண்பவர் அதை விட்டால் குறைவது ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு உயிர்: 300க்குச் சற்று மேல் முட்டையிட்டு, 80 வாரத்துக்குள் முட்டைக்கோழி என்ற பெயரில் கறிக்கு விற்கப்படும் பெட்டை ஒன்று, அந்தப் பெட்டையோடு பிறந்து, முட்டையிடாது என்பதற்காகப் பொரிப்பகத்திலேயே ஒழிக்கப்பட்ட சேவல் குஞ்சு ஒன்று. இந்தச் சேவல் குஞ்சுகளைக் கொல்வதை ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து தடை செய்திருக்கிறது. இங்கே அப்படித் தடை எதுவும் இல்லை.

கடல் மீனுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு தெளிவாகப் பொருந்தாது. எத்தனை மீன் பிடிபடும் என்பதைப் படகுகளின் எண்ணிக்கை, டீசல் விலை, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள தடைக்காலம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடலில் மீன் இருப்பது ஆகியவை தீர்மானிக்கின்றன. வலையில் விழுந்து விற்காமல் போனது கருவாடாகவோ கோழித் தீவனமாகவோ போகும். வளர்ப்பு மீனும் இறாலும் பண்ணைச் சரக்கு என்பதால் அவற்றுக்குக் கோழியின் கணக்கு ஓரளவு பொருந்தும்.

செடி உணவுக்கும் உயிர் போகிறதே என்பது அடுத்து வரும் கேள்வி. உழும்போதும் அறுக்கும்போதும் எலியும் தவளையும் சாகின்றன. வயலில் எலிப்பொறி வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2003இல் ஸ்டீவன் டேவிஸ் என்ற அமெரிக்கக் கால்நடை அறிவியல் பேராசிரியர், மேய்ச்சல் மாட்டை உண்டால் மொத்தச் சாவு குறையும் என்றே வாதிட்டார். அவர் ஏக்கருக்குக் கணக்கிட்டார், ஓர் ஏக்கரில் விளையும் உணவின் அளவுக்குக் கணக்கிடவில்லை என்று கேவரிக் மதீனி என்ற ஆய்வாளர் அதே ஆண்டில் சுட்டிக்காட்டினார். கறிக்கோழி தின்பது மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும். ஒரு கிலோ உயிர் எடைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தீவனம் வேண்டும். ஆகையால் கோழியை உண்பவர் கோழியோடு அந்த வயலின் எலியையும் சேர்த்தே கணக்கில் எழுத வேண்டும். தரிசிலும் காட்டோரத்திலும் மேயும் வெள்ளாட்டுக்கு இது பொருந்தாது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதற்காக யாரும் எந்த நிலத்தையும் உழுவதில்லை.

நாடளவில் இப்படி ஏதாவது நிகழ்ந்திருக்கிறதா என்று தேடினால் ஜெர்மனி கிடைக்கும். பன்றிக்கறியும் தொத்திறைச்சியும் அன்றாட உணவாக இருந்த அந்த நாட்டில், 2016இல் ஏறத்தாழ 5 கோடியே 90 லட்சம் பன்றிகள் வெட்டப்பட்டன. 2023இல் அந்த எண் சுமார் 4 கோடியே 40 லட்சம். ஆளுக்கு ஆண்டுக்கு 60 கிலோ அளவில் இருந்த இறைச்சி நுகர்வும் 52 கிலோவுக்குச் சற்றுக் கீழே வந்தது. இதைப் பார்த்ததும் வீகன் இயக்கத்தின் வெற்றி என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 2020 செப்டம்பரில் பிராண்டன்பர்க் மாநிலத்தில் ஒரு காட்டுப்பன்றியிடம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டதும் சீனா இறக்குமதியை நிறுத்தியது. 2022க்குப் பிறகு தீவனமும் எரிபொருளும் விலை ஏறின. விலங்கு நல விதிகள் இறுகியதால் பழைய பண்ணைகள் சில மூடப்பட்டன. ஒன்றரைக் கோடிப் பன்றிகள் குறைந்ததில் தட்டிலிருந்து வந்த பங்கு எவ்வளவு, துறைமுகத்திலிருந்து வந்த பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. நுகர்வு குறைந்தது மெய், அதற்கும் ஒரு பங்கு உண்டு என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதே காலத்தில் அங்கே கோழிக்கறி நுகர்வு மட்டும் குறையாமல் நின்று, கடைசியில் சற்று ஏறவும் செய்தது. மேலே பார்த்த ஆட்டுக்கறிக் குடும்பத்தின் கதைதான், நாடளவில்.

ஒருவர் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறார் என்பதும் கணக்கில் சேரும். 2014இல் அமெரிக்காவில் 11,000க்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், சைவ அல்லது வீகன் உணவுக்கு மாறியவர்களில் 84 விழுக்காட்டினர் பிறகு அதைக் கைவிட்டிருந்தனர். மூன்று மாதம் கடுமையாக இருந்துவிட்டு முழுமையாகத் திரும்பியவரைவிட, கோழியை மட்டும் விட்டு இருபது ஆண்டு அப்படியே இருந்தவர் குறைக்கும் உயிர்களின் எண்ணிக்கை மிகப் பெரியது. தூய்மையை அளவுகோலாகக் கொண்டால் இது உவப்பாக இருக்காது. எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டால் வேறு விடை இல்லை.

தனி மனிதரைவிட நிறுவனத்தின் கொள்முதல் பெரிது என்ற வாதமும் உண்மையே. தமிழ்நாட்டுப் பள்ளிச் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை தருவது என்ற ஒற்றை அரசு முடிவு, நாமக்கல் சந்தையில் பல லட்சம் தனி வீடுகளுக்கு ஈடான வலு உடையது. அந்த முட்டையை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் பருப்பே அரிதாக வேகும் குழந்தைக்கு அந்த முட்டை என்னவென்று தெரிந்தவர்கள் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் விடுதி, அலுவலக உணவகம், திருமண மண்டபம் போன்ற இடங்களில் ஒரு வீகன் செய்யும் கோரிக்கை, அவருடைய தட்டைவிடப் பல மடங்கு பெரிய கொள்முதலைத் தொடக்கூடும். தட்டும் கோரிக்கையும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலப் பேசப்படுவது எனக்கு விளங்கியதில்லை; கடைகளில் சோயாப் பாலும் பாதாம் பாலும் வந்து நின்றது, யாரோ சிலர் தங்கள் தட்டுக்காகக் கேட்டதால்தான்.

பிறப்பிலிருந்தே சைவமாக உள்ளவர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பதுண்டு: நான் எதையும் விடவில்லையே, என்னால் என்ன குறைந்தது? சந்தையின் கண்ணில் அவருடைய பங்கு ஒருபோதும் சரிவாகத் தெரியாது, ஏனெனில் அவருக்காக எந்தக் குஞ்சும் விடப்பட்டதே இல்லை. அவருக்கு மிச்சம் இருப்பது பால்.

பால் கொலையோடு தொடர்பற்றது என்ற எண்ணம் நம்மிடம் வலுவாக இருந்தாலும், நம் மொழிக்கு உண்மை தெரிந்திருக்கிறது. கறவை ஓய்ந்த மாட்டுக்கு அடிமாடு என்று பெயர் வைத்து, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதை அடிமாட்டு விலை என்கிறோம். பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு ஏறும் மாடுகளில் பலவும் ஏதோ ஒரு வீட்டின் காப்பிக்குப் பால் கொடுத்தவையே. பசு கன்று ஈன்றால்தான் பால். ஈனும் கன்றில் பாதி காளைக்கன்று. டிராக்டர் வந்த பிறகு கலப்பினக் காளைக்கன்றுக்கு உழவில் வேலையில்லை. உலகில் மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடும், எருமை இறைச்சி ஏற்றுமதியில் முன்னணியில் உள்ள நாடும் ஒன்றாகவே இருப்பது தற்செயல் அன்று.

ஆயினும் எண்ணிக்கை என்று பார்த்தால் பாலின் பங்கு சிறியது. நாளுக்கு எட்டு லிட்டர் கறக்கும் கலப்பினப் பசு ஓர் ஈற்றில் 300 நாளில் 2,400 லிட்டர் தரும். நாளுக்கு ஒரு லிட்டர் வாங்கும் வீடு ஆண்டுக்கு 365 லிட்டர் பயன்படுத்துகிறது. அந்த வீட்டுக்காகப் பிறக்கும் காளைக்கன்று ஏறத்தாழ 13 ஆண்டுக்கு ஒன்று. தாய்ப்பசுவின் முடிவில் அந்த வீட்டுக்குரிய பங்கைச் சேர்த்தாலும் ஒன்றிரண்டே கூடும். பாலை விட்டுவிட்டு ஞாயிறுதோறும் கோழி வாங்குபவரையும், கோழியை விட்டுவிட்டுக் காப்பி குடிப்பவரையும் ஒப்பிட்டால், உயிர் எண்ணிக்கையில் இரண்டாமவர் வெகு தூரம் முன்னால் இருக்கிறார். ஒரு பசுவின் வாழ்நாள் துன்பத்தை ஒரு கோழியின் 40 நாளோடு எப்படி எடைபோடுவது என்பது வேறு கேள்வி. இந்தக் கணக்கு அதைத் தொடுவதில்லை.

பாலில் வேறொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் ஆள்வீதம் குடிக்கும் பால் 1970களின் நடுவிலிருந்து இன்று ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. ஆனால் நாட்டின் மொத்தப் பால் உற்பத்தி அதே காலத்தில் ஏறத்தாழ இரு மடங்கானது. குடிக்காத பால் பாலாடைக்கட்டியாகி பீட்சாவின் மேல் ஏறியது, மிச்சம் பொடியாகிக் கப்பல் ஏறியது. கன்றுக்கறியின் கதை இதற்கு இன்னும் பொருத்தமானது. நகரவும் இடமில்லாத மரக்கூண்டில் கன்றுகளை அடைத்து வளர்ப்பது 1980களில் அமெரிக்கச் செய்திகளில் வெளிவந்ததும், மக்கள் கன்றுக்கறியை வெறுத்து ஒதுக்கினார்கள். அன்று ஆண்டுக்கு 30 லட்சத்துக்கு மேல் இருந்த கன்று வெட்டு இன்று 5 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. நுகர்வோர் விலகியதால் ஓர் இறைச்சியே ஏறக்குறைய மறைந்துபோனதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆனால் அதே மக்கள் பாலாடைக்கட்டியை விடவில்லை. பண்ணைகளில் பசுக்கள் ஈன்றுகொண்டே இருந்தன. அங்கே பிறந்த காளைக்கன்றுகள் கன்றுப் பருவத்தில் வெட்டப்படாமல், ஒன்றரை வயதை நெருங்கும்வரை தீவனம் ஊட்டி வளர்க்கப்பட்டு, மாட்டிறைச்சி என்ற பெயரில் விற்கப்படுகின்றன.